எறியக்கூடாத தட்டு: நுண்ணுயிரியலில் தலைமைக்கு வரப்போகும் பெண்களுக்கு

பெரும்போக விதைப்பு முடிந்து மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்கள். மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்தோ அம்பாறையின் சம்மாந்துறை வயற்பக்கமிருந்தோ ஒரு விவசாயி கடுங்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது, நீரிழிவு உண்டு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்புகிறார்கள். வளர்ந்ததை இரத்த ஏகார் எனும் ஊடகம் ஊற்றிய தட்டில் இழைத்து 24 மணி நேரம் வைத்தால் குண்டூசித் தலையளவில் சாம்பல் நிறக் கொலனிகள், அதாவது பற்றீரியாக் கூட்டங்கள். கிராம் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிவப்புக் கோல்கள். இரு முனையும் அடர்ந்து நடு வெளிறியிருக்கின்றன. ஒக்சிடேஸ் எனும் நொதிச் சோதனை நேர். வேலை குவிந்த ஒரு பிற்பகலில் 'சூடோமோனாஸ் இனம், கலப்படமாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டுத் தட்டை எறிவது மிகவும் சுலபம்.

அதே தட்டை இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் கொலனிகள் உலர்ந்து மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊறிய வட்டுகள் வைத்துப் பார்த்தால் ஜென்ராமைசினைச் சுற்றி வளர்ச்சியற்ற வெளி இருக்காது, கொலிஸ்டினைச் சுற்றியும் இருக்காது. கோ-அமொக்ஸிகிளாவைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் விழும். ஒக்சிடேஸ் நேரான ஒரு கிராம் எதிர்க் கோலில் (கிராம் சாயத்தில் சிவப்பாகும் கோல் பற்றீரியாவில்) இந்த மூன்றும் சேர்ந்து கண்டால் பேர்கோல்டேரியா சூடோமல்லையைச் சந்தேகிக்க வேண்டும். அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். ஈர வயல் மண்ணில் வாழ்ந்து, காலில் உள்ள சிறு காயத்தாலோ மூச்சாலோ உள்ளே போகும் பற்றீரியா அது. இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருந்தும், வெகுகாலம் இது இங்கே இல்லாத நோய்போலவே இருந்தது. கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியல் பேராசிரியர் எனோகா கொரேயா முன்னின்று, ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களிலிருந்து சந்தேகத்துக்குரிய கொலனிகளை வரவழைத்து உறுதிசெய்யத் தொடங்கிய பிறகுதான் கிழக்கு உட்படப் பல இடங்களில் இது இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது.

நுண்ணுயிரியலில் ஒரு பெண் தலைமைக்கு எப்படி வருவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டைத்தான் முதலில் காட்டவேண்டும். கொழும்பில் அந்தப் பேராசிரியர் செய்த வேலையின் ஒரு முனை இங்கே, மேசையில் இருப்பவளின் கையில் இருக்கிறது. அவள் எறிந்துவிட்டால் மேலே யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இந்த நோய்க்கு செஃப்டாசிடைம் அல்லது மெரொபெனெம் ஊசி குறைந்தது 10 தொடக்கம் 14 நாள், அதன்பின் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம் என்பதே வழக்கம். 'கலப்படம்' என்று அறிக்கை போனால் அந்த மனிதர் சாதாரண நிமோனியா மருந்திலேயே கிடப்பார். தலைமை என்பதன் முதல் வேலை, தன்முன் வரும் ஒரு முடிவை 'இதை நான் நம்பவில்லை, திரும்பச் செய்யுங்கள்' என்று சொல்வது. அதைச் சொல்லும் துணிவு, கைவேலை தெரிந்தவளுக்குத்தான் வரும்.

இந்தக் கொலனியைச் சந்தேகித்த கணத்திலிருந்து தட்டின் மூடியைத் திறந்து மணந்து பார்க்கக் கூடாது. பழைய ஆட்கள் மணத்தை வைத்து இனம் சொல்லுவார்கள். இதில் அது உயிரோடு விளையாட்டு. தட்டை ஒட்டி மூடி, கிருமி வெளியேறாத பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறந்து, மேசையில் வேலை செய்த எல்லோர் பெயரையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவரும் கர்ப்பிணியும் அந்த வேலையிலிருந்து விலகவேண்டும். கால்நடை நிறைந்த நமது மாவட்டங்களில் கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா பற்றீரியாச் சந்தேகத்துக்கும் இதே ஒழுங்குதான்.

தலைமைக்கு வருவதற்கு இரண்டு பாதை இருக்கிறது. மருத்துவம் படித்து, கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் நுண்ணுயிரியல் முடித்து விசேட வைத்திய நிபுணராக வருவது ஒன்று. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்திலோ உயிரியல் பட்டம் பெற்று, பேராதனைப் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம் போன்ற இடங்களில் மேற்படிப்பு முடித்து, விரிவுரையாளராகவோ நீர், பால், மீன், உணவு ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பாளராகவோ போவது மற்றது. எந்தப் பாதையானாலும் முதல் ஐந்து வருடத்தில் கையில் ஏறவேண்டிய பழக்கங்கள் ஒன்றே. பின்னால் கதிரையில் இருக்கும்போது உங்களைக் காப்பாற்றுவதும் அவைதான்.

அழுத்த நீராவியால் கிருமியழிக்கும் ஓட்டோகிளேவிலிருந்து தொடங்குவோம். 121 பாகை, 15 இறாத்தல் அழுத்தம், 15 நிமிடம் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உள்ளே இருந்த காற்று முழுதும் வெளியேறாவிட்டால் அழுத்தமானி 15 காட்டும், வெப்பநிலை 121 ஆகியிருக்காது என்பதைத்தான் மறப்பார்கள். வால்வால் நீராவி தொடர்ச்சியாக, இடையில் துப்பாமல் சீறும்வரை திறந்து வைத்திருந்து அதன் பின்னரே மூடவேண்டும். ஒரு லீற்றர் குடுவையின் நடு சூடாக 15 நிமிடம் போதாது; நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது ஊடகத்தை 250 மில்லிலீற்றர் போத்தல்களில் பிரிக்கவேண்டும். நிறம் மாறும் ஒட்டுநாடா 'சூடு பட்டது' என்று மட்டுமே சொல்லும். உண்மையில் கொன்றதா என்று அறிய வெப்பம் தாங்கும் ஜியோபசிலஸ் ஸ்டியரோதேர்மோபிலஸ் பற்றீரியாவின் வித்திப் பட்டையை சுமையின் நடுவே வைத்து எடுத்து, 55 தொடக்கம் 60 பாகையில் வளர்த்துப் பார்க்கவேண்டும். சூடு காட்டாத ஒரு பட்டையையும் பக்கத்தில் வளர்க்கவேண்டும். அது வளராவிட்டால் பட்டையே செத்தது. உங்கள் 'வளரவில்லை'க்கு அர்த்தமில்லை.

அடுத்தது மருந்து வட்டுகள். கடற்கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். பிரிட்ஜிலிருந்து எடுத்த வட்டுக் குழாயை உடனே திறந்தால் உள்ளே நீர் ஒடுங்கும். வட்டு நனையும், மருந்தின் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். மூடியபடியே ஒரு மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டுத் திறக்கவேண்டும். வாரம் ஒருமுறை ஈ.கோலை ஏ.டி.சி.சி 25922 எனும் கட்டுப்பாட்டு இனத்தை வைத்துப் பார்க்கவேண்டும். அதில் 10 மைக்ரோகிராம் ஜென்ராமைசின் வட்டுக்கு வளையம் 19 முதல் 26 மில்லிமீற்றருக்குள் வரவேண்டும். 15 வந்தால் அன்றைக்கு எந்த நோயாளியின் முடிவும் வெளியே போகக்கூடாது. ஏகார் 4 மில்லிமீற்றரைவிடத் தடித்ததா, பற்றீரியாக் கலங்கல் அதன் அளவுகோலில் 0.5 மக்ஃபார்லண்டுக்கு மேலா, வட்டு கெட்டதா என்று இந்த ஒழுங்கிலேயே பார்க்கவேண்டும். மூன்றும் வளையத்தைச் சிறிதாக்கும். அதனால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று விட்டால், எது பிழை என்று ஒருநாளும் தெரியாது.

எண்ணிக்கையை வாசிப்பதும் கைவேலையே. ஒரு மாதிரியை ஆயிரத்தில் ஒன்றாகவும் பத்தாயிரத்தில் ஒன்றாகவும் ஐதாக்கி 0.1 மில்லிலீற்றர் பரப்பியதாக வைப்போம். முதலாவதில் 180 கொலனி, இரண்டாவதில் 62. இரண்டும் 30க்கும் 300க்கும் இடையில்தான் இருக்கின்றன. புதியவர் இரண்டையும் சராசரி எடுத்துவிடுவார். ஆனால் பத்தில் ஒன்றாகக் குறையவேண்டியது மூன்றில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கிறது. பிப்பெட் முனையை மாற்றாமல் அடுத்த குழாய்க்குப் போயிருப்பார்கள், முனையில் ஒட்டியது கூடப் போயிருக்கும். எண்ணுவதற்கு எதுவும் இல்லை, திரும்பச் செய்யவேண்டும். பொறுப்பாளர் கையொப்பமிடும் தாளில் இறுதி எண்ணை மட்டும் எழுத அனுமதிக்காமல், ஒவ்வொரு தட்டின் எண்ணிக்கையையும் எழுதச் செய்வது இதற்காகத்தான்.

வெள்ளம் வடிந்த கிழமைகளில் கிணற்று நீர் மாதிரிகள் வரிசையாக வரும். நமது கரையோர மணலில் நீர்மட்டம் மிக மேலே. வளவு சிறியது, கிணறும் மலசலகூடக் குழியும் கூப்பிடு தூரத்தில். மணலூடே அழுக்கு விரைவாக நகரும். மாதிரி எடுப்பவர் பெரும்பாலும் ஆய்வுகூடத்தவர் அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அலுவலக உதவியாளரோ எடுப்பார். அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்காததற்கு நீங்களே பொறுப்பு. போத்தலைக் கழுவக்கூடாது, உள்ளே போட்ட மருந்து போய்விடும். குளோரின் போட்ட நீரென்றால் ஒவ்வொரு 100 மில்லிலீற்றருக்கும் 1.8 வீத சோடியம் தயோசல்பேற்று 0.1 மில்லிலீற்றர் என்ற கணக்கில் முன்கூட்டியே போத்தலில் இட்டு, அதன் பின் கிருமியழிக்கவேண்டும். இல்லாவிட்டால் மாதிரி வண்டியில் வரும் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே வரும். கெட்ட கிணறு நல்ல கிணறாக வந்து சேரும். கயிற்றில் கட்டிய போத்தலைக் கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்கி, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிரப்பி, மேலே இரண்டு விரல் காற்றிடம் விட்டு மூடவேண்டும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகிப் போத்தலின் கழுத்து மூழ்கினால் அந்த மாதிரி முடிந்தது. ஐஸைப் பையில் கட்டி வைக்கவேண்டும்.

ஆறு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்குவதே நல்லது, 24க்கு மேல் போகவே கூடாது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) கடந்து வெல்லாவெளிப் பக்கம் போய்த் திரும்புவதென்றால், ஐஸ் முதல்நாளே தயாராக இருக்கவேண்டும், விடிய ஆறு மணிக்குப் புறப்படவேண்டும், கடைசி மாதிரி பத்தரைக்குள் எடுக்கப்படவேண்டும். பெண் ஊழியர்கள் போவதென்றால் இருவராக அனுப்புங்கள். எந்தப் பாடசாலையில் அல்லது கிராம சேவையாளர் அலுவலகத்தில் மலசலகூட வசதி கேட்கலாம் என்று முன்னமே பேசிவையுங்கள். பல இடங்களில் இந்த ஒரு விடயம் ஒழுங்கில்லாததால்தான் 'பெண்பிள்ளைகளை வெளிக்கள வேலைக்கு அனுப்பவேண்டாம்' என்று முடிவாகிறது. வெளிக்களம் போகாதவளின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் முதலாவதாக வருவதில்லை, அடுத்த பதவியும் தள்ளிப்போகிறது.

முடிவை எழுதும்போதும் கவனம் வேண்டும். நீரைப் பதினைந்து ஊடகக் குழாய்களில் இட்டு, எத்தனையில் வளர்கிறது என்று பார்த்து எண்ணிக்கையை மதிப்பிடும் பதினைந்து குழாய் முறையில் ஒரு குழாயிலும் வளர்ச்சி இல்லாவிட்டால் '0' என்று எழுதக்கூடாது. '100 மில்லிலீற்றரில் 1.8க்குக் குறைவு' என்பதே அந்த முறை சொல்லக்கூடிய எல்லை. 100 மில்லிலீற்றரை 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளால் வடித்து எண்ணினால்தான் 'ஒன்றுக்கும் குறைவு' என்று சொல்லலாம். குளோரின் பட்ட நீரை வடித்தால் தாளை நேரே 44 பாகையில் போடாதீர்கள். காயம்பட்ட பற்றீரியா அந்தச் சூட்டில் எழும்பாது. முதல் 4 மணித்தியாலம் 30 பாகையில் வைத்து, அதன்பின் 14 மணித்தியாலம் 44இல். இந்த நான்கு மணித்தியாலத்தை விட்டால் ஆபத்தான கிணறும் சுத்தமானதாகத் தெரியும்.

கிணற்றுக்காரர் அறிக்கையை வாங்கியதும் கேட்பது ஒன்றே: 'இப்ப நான் என்ன செய்யிறது பிள்ளை?' அதற்குக் கணக்கோடு பதில் இருக்கவேண்டும். நான்கடி அகலமான, அதாவது 1.2 மீற்றர் விட்டமுள்ள வளையக் கிணறு, நீர் ஆழம் 2 மீற்றர் என்றால் உள்ளே ஏறக்குறைய 2,260 லீற்றர். லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரின் என்றால் 11.3 கிராம். ரி.சி.எல் எனும் வெளிற்றுத் தூளில் பயன்படும் குளோரின் 30 வீதம் என்று கொண்டால் 38 கிராம் தூள் வேண்டும். ஆனால் அந்தத் தூள் தகரக் கூரையின் கீழ், வாய் திறந்த பையில் ஒரு மாரி முழுக்க இருந்திருந்தால் வீரியம் பாதியாக இறங்கியிருக்கலாம். அப்போது அதே வேலைக்கு 76 கிராம் வேண்டும். தூளை வாளியில் கரைத்து, கசடு அடங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியாலேயே நீரை மேலும் கீழும் கலக்கவேண்டும். அரை மணித்தியாலம் கழித்து எச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் திரும்பப் போடவேண்டும். வெள்ளச் சேறு கலந்த கிணறென்றால் முதலில் இறைத்துச் சுத்தம் செய்யாமல் தூள் கொட்டுவது வீண். சேறே குளோரினை விழுங்கிவிடும்.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கொல்வெல்லின் வாழ்க்கை நமக்குக் கிட்டவானதும் இந்த இடத்தில்தான். பேர்டூ பல்கலைக்கழகத்தில் பற்றீரியாவியல் முதுகலைக்குப் புலமைப்பரிசில் கேட்டபோது பெண் என்பதற்காக மறுக்கப்பட்டவர் அவர். பிறப்புரிமையியலில் முதுகலை முடித்து, 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல் பற்றீரியாக்களைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றார். செசபீக் விரிகுடாவின் உவர்கலந்த நீரில் கொலராவை உண்டாக்கும் பற்றீரியாவான கொலரா விப்ரியோ இயல்பாகவே வாழ்கிறது, கோபெபொட் எனும் நுண்ணிய மிதவை விலங்குகளில் ஒட்டிக்கொள்கிறது என்று அவரது குழு காட்டியது. 1982இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: உயிரோடிருந்தும் தட்டில் வளராத நிலைக்கு இந்தப் பற்றீரியா போகக்கூடும். தட்டில் இல்லை என்றால் நீரில் இல்லை என்று சொல்லமுடியாது என்பது அன்று பலருக்கு ஏற்கமுடியாத பேச்சாக இருந்தது. நமது மட்டக்களப்பு வாவியும் உவர்கலந்ததுதான். மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கி முகத்துவாரம் திறந்தால் உப்பு ஏறி இறங்கும். வாவி இறாலையும் நண்டையும் ஆய்பவர்கள் விப்ரியோக்களை வளர்க்கும் ரி.சி.பி.எஸ் ஏகாரில் கொலரா விப்ரியோ மஞ்சளாகவும் விப்ரியோ பராஹீமொலிட்டிகஸ் பச்சையாகவும் தெரியும் என்பதோடு நிறுத்தாமல், அன்றைய உப்பளவையும் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிவைத்தால்தான் அந்த முடிவுக்கு நாளைக்குப் பெறுமதி இருக்கும்.

பங்களாதேஷின் மட்லாப் கிராமங்களில் கொல்வெல்லின் குழு செய்த சோதனையை நமது அம்மாமார் உடனே விளங்கிக்கொள்வார்கள். பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்து வாயில் கட்டி நீரை வடித்தார்கள். கொலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 48 வீதம் என்று 2003இல் வெளியிட்டார்கள். பழைய சேலை ஏன்? கழுவிக் கழுவி நூல் பிசிறி ஓட்டைகள் சிறுத்துப்போகும். புதுச் சேலையில் அப்படியில்லை. இங்கேதான் விஞ்ஞானி கவனமாகப் பேசவேண்டும். அந்தச் சேலை பிடித்தது பற்றீரியா ஒட்டியிருந்த மிதவை விலங்குகளை. கிணற்றில் தனியாக மிதக்கும் ஈ.கோலை அதனூடே தாராளமாகப் போகும். ஆகவே நமது ஊரில் 'சேலையால் வடித்தால் போதும்' என்று சொல்வது பிழை. வடித்துவிட்டுக் கொதிக்கவைக்கவோ குளோரின் இடவோ வேண்டும். ஒரு நல்ல முடிவு எந்த எல்லைவரை செல்லும் என்று சொல்லத் தெரிந்திருப்பது தலைமைக்கு மிக அவசியமான குணம்.

1998இல் கொல்வெல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பணிப்பாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே, 2004வரை இருந்தார். அவர் காலத்தில், 2001இல், பல்கலைக்கழகங்களில் பெண் விஞ்ஞானிகள் மேலே வருவதைத் தடுக்கும் ஒழுங்குகளையே மாற்ற அட்வான்ஸ் என்ற நிதித்திட்டம் தொடங்கியது. பெண்களுக்கு அறிவுரை சொல்வதை விட்டு நிறுவனங்களைத் திருத்தப் பணம் ஒதுக்கினார்கள் என்பது கவனிக்கவேண்டியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகளின் வயிற்றோட்டத்தையும் ரோட்டா வைரசையும் பல வருடம் ஆய்ந்த ககன்தீப் காங், பரிதாபாத்திலுள்ள தேசிய நிறுவனமொன்றின் தலைமைக்குப் போனவர். 2019இல் லண்டன் றோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வேலூர்ச் சேரிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை வீடு வீடாகப் போய்ப் பின்தொடர்ந்த ஆய்வு அவரது பெயரோடு நிற்கிறது. வீட்டுக்கு வீடு போன ஊழியர்கள் இல்லாமல் அது நடந்திராது.

கதிரைக்கு வந்தபிறகு கணக்கு மாறும். உதாரணமாக ஊடகக் கொள்வனவு. பதினைந்து குழாய் முறைக்கு ஒரு மாதிரிக்கு இரட்டைச் செறிவு ஊடகம் 50 மில்லிலீற்றர், ஒற்றைச் செறிவு 100 மில்லிலீற்றர். இரண்டும் சேர்த்து ஒற்றைச் செறிவில் 200 மில்லிலீற்றருக்குச் சமன். போத்தலில் லீற்றருக்கு 40 கிராம் என்று எழுதியிருந்தால் மாதிரிக்கு 8 கிராம். 500 கிராம் போத்தல் 62 மாதிரிக்கு வரும் என்று கணக்குச் சொல்லும். கட்டுப்பாட்டுக் குழாய்கள், உடைந்தவை, திரும்பச் செய்தவை எல்லாம் கழித்தால் 50க்கு மேல் நம்பாதீர்கள். வெள்ளக் காலத்தில் மாதத்துக்கு 100 மாதிரி வரும் என்று எதிர்பார்த்தால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றுக்கும் ஆறு போத்தல் கையிலிருக்கவேண்டும். விலைமனு கோரி, அங்கீகாரம் பெற்று, சரக்கு கொழும்பிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் போகும். ஆகவே கோரிக்கைக் கடிதம் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே போகவேண்டும். ஆறையும் ஒரே தொகுதியாக வாங்கினால் சோதனை ஒருமுறை போதும், ஆனால் காலாவதித் திகதி ஒன்றாக முடியும். இரண்டு தொகுதியாக வாங்குவது நல்லது. திறந்த திகதியை மூடியில் எழுதவேண்டும். மாரியில் ஈரம் குடித்துக் கட்டியான தூளை இடித்துப் பாவிக்கக்கூடாது. 2022இல் நாடெங்கும் மருந்தும் இரசாயனமும் தட்டுப்பட்டபோது எந்தச் சோதனையை முதலில் நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. அந்தப் பட்டியலை நெருக்கடி வருமுன் எழுதி மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கிவைப்பதே சரி; வந்தபின் எழுதினால் யார் சத்தம் பெரிதோ அவர்களின் சோதனைதான் நடக்கும்.

தர அங்கீகாரம் பெறவேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ 17025 நீர், உணவு ஆய்வுகூடங்களுக்கு, ஐ.எஸ்.ஓ 15189 மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு. இலங்கையில் அங்கீகாரம் வழங்குவது 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை தராதர அங்கீகார சபை. ஒரே மூச்சில் எல்லாச் சோதனைக்கும் விண்ணப்பிப்பதுதான் பலர் செய்யும் பிழை. ஒன்று அல்லது இரண்டு சோதனையோடு தொடங்குங்கள். மதிப்பீட்டின்போது ஆய்வுகூடங்கள் இடறுகின்ற இடம் பெரும்பாலும் வெப்பநிலைக் கொப்பி. மின்வெட்டு நேரத்தில் இன்கியூபேட்டர் 44இலிருந்து எவ்வளவு இறங்கியது, எத்தனை மணிக்குத் திரும்பியது, அந்த மாதிரிகளுக்கு என்ன செய்தீர்கள் என்பது எழுதப்பட்டிருக்கவேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனையில், ஒரே கையெழுத்தில் '44.0' என்று நிறைந்த கொப்பியை அனுபவப்பட்ட கண் ஒரு நிமிடத்தில் பிடிக்கும். ஏறி இறங்கிய எண்களும், பக்கத்தில் காரணமும் உள்ள கொப்பிதான் நம்பத்தக்கது. பிழையைச் சொன்ன ஊழியரைத் திட்டாத இடத்தில்தான் அப்படிப்பட்ட கொப்பி கிடைக்கும்.

ஊரோடு உறவு வைக்கத் தயிர்ச்சட்டியைவிட நல்ல வழி கிடையாது. எருமைத் தயிர் செய்பவர்கள் 'சட்டி பொங்குது, புளிப்பு எரியுது' என்று வந்தால், உறை ஊற்றிய தயிரை மட்டும் குறை சொல்லவேண்டாம். மண்சட்டியின் துளைகள் தயிரின் நீரை உறிஞ்சி அதை இறுக்குகின்றன. அதே துளைகளில்தான் மதுவமும் ஒளிந்திருக்கும். பழைய சட்டியின் உட்புறத்தைத் தேய்த்து வளர்த்துப் பாருங்கள், வாயு விடும் மதுவம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். பாலை 85 பாகைக்கு மேல் கொண்டுபோய்ச் சில நிமிடம் வைத்து, 43 பாகை அளவுக்கு ஆறவிட்டு, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நல்ல உறை ஊற்றி, புதுச் சட்டியில் ஒன்றும் பழைய சட்டியில் ஒன்றும் செய்து பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பேச்சு தேவைப்படாது. அதே ஆட்கள் அடுத்த மாரியில் கிணற்று நீரையும் தாங்களாகவே கொண்டுவருவார்கள். அம்பாறை மாவட்டத்தில் அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் போகவேண்டும். கிணற்றுச் சொந்தக்காரரின் பெயரைப் பொதுப் பலகையில் ஒட்டாமல், அவர் கையில் மட்டும் கொடுங்கள்.

கூட்டங்களில் ஒரு பெண் சொன்ன ஆலோசனை பத்து நிமிடம் கழித்து வேறொருவர் பெயரில் குறிப்பேட்டில் ஏறுவது எங்கும் நடக்கும். கூட்டத்துக்கு முதல்நாளே ஒரு பக்கத்தில் எழுதி, திகதியிட்டு, எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பேசப் போங்கள். ஆய்வுக் கட்டுரையிலும் யார் மாதிரி எடுத்தார், யார் தட்டு வாசித்தார், யார் எழுதினார் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தாளில் போடுங்கள். பேறுகால லீவில் போகும் ஊழியரின் பெயர் அந்தத் தாளில் இருந்தால் திரும்பி வரும்போதும் இருக்கும்.

இடமாற்றம் வரும்போது சாவியோடு ஒப்படைக்கவேண்டியது உறைபெட்டியின் பட்டியல். ஒவ்வொரு முக்கிய கொலனியும் 20 வீதக் கிளிசரோலில் இரண்டு குப்பியாக, முடிந்தால் இரண்டு வேறு பெட்டியில். மறை எண்பது பாகை உறைநிலைப் பெட்டி இல்லாத இடத்தில் ஈ.கோலை போன்றவற்றை ஏகார்க் குத்துக் குழாயில், இறுக்கி மூடி, இருட்டில் வைக்கலாம். மெலியோய்டோசிஸ் சந்தேகக் கொலனிகளை அப்படி வைக்கக்கூடாது. அவை பூட்டிய பெட்டியில், யார் எடுத்தது என்று கையொப்பமிடும் கொப்பியோடு. குப்பியில் சாதாரண மார்க்கரால் எழுதினால் ஸ்பிரிட் பட்டதும் அழியும். பென்சிலால் எழுதிய சிறு தாளை ஒட்டி, மேலே தெளிந்த நாடா சுற்றவேண்டும். அதில் மாதிரி எண், திகதி, வாசித்தவர் பெயரின் முதலெழுத்து.